வீடு காலி செய்தாச்சு, அட்வான்ஸ் எங்கே?

வாசகர் கேள்வி – பதில்

வெளிநாட்டில் குடியிருந்த வீட்டின் அட்வான்ஸ் சிக்கிக்கொண்டது பற்றி வடசென்னை வாசகர்கள் எழுதிய கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். வீடு கொளத்தூரில், ஓனர் அமெரிக்காவில் என்று ஒரு கடிதம் வந்திருக்கிறது. அதையும் சேர்த்திருக்கிறோம். பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: என் மகள் இங்கிலாந்தில் லெஸ்டரில் எம்.எஸ்சி. படித்தாள். மூன்று பெண்கள் சேர்ந்து ஒரே ஒப்பந்தத்தில் வீடு எடுத்தார்கள். மாத வாடகை 900 பவுண்டு, அட்வான்ஸ் 1,200 பவுண்டு. ஒரு வருஷம் இருந்து, சாவியைக் கொடுத்து ஆறு வாரம் ஆகிறது. இஸ்திரிப் பெட்டி சுட்ட கார்ப்பெட்டுக்கு 400, பெயின்டிங்குக்கு 350, சமையல் மேடையில் மஞ்சள் கறைக்கு 120, கிளீனிங்குக்கு 180 என்று கழித்துவிட்டு 150 பவுண்டு மட்டும் ஓனர் அனுப்பினார். கறையும் சூடு பட்டதும் உண்மைதான். மகள் ஊருக்குத் திரும்பிவிட்டாள். பெரம்பூரில் உட்கார்ந்தபடி இதைக் கேட்க முடியுமா?
— வாசகி, பெரம்பூர்

பதில்: முடியும். அங்கே போகவும் வேண்டாம், வக்கீலும் வேண்டாம். ஆனால் நாள் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒப்பந்தம் முடிந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் தகராறைப் பதிய வேண்டும். ஆறு வாரம் போய்விட்டதால் உங்களிடம் இன்னும் சுமார் ஏழு வாரம் இருக்கிறது.

எங்கே பதிவது? இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2007 ஏப்ரல் 6 முதல் ஒரு விதி இருக்கிறது. ஓனர் அட்வான்ஸை வாங்கிய 30 நாளுக்குள், அரசு அங்கீகரித்த மூன்று காப்புத் திட்டங்களில் ஒன்றில் அதைப் பதிவு செய்தாக வேண்டும். டெபாசிட் புரொடெக்‌ஷன் சர்வீஸ், மைடெபாசிட்ஸ், டெனன்சி டெபாசிட் ஸ்கீம் என்பவை அந்த மூன்று. கடைசியாகச் சொன்னதை டிடிஎஸ் என்று சுருக்கிச் சொல்வார்கள். நம் ஊர் வருமான வரி டிடிஎஸ்ஸோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். எந்தத் திட்டம், பதிவு எண் என்ன என்ற விவரத்தையும் அதே 30 நாளுக்குள் ஓனர் எழுத்தில் தந்திருக்க வேண்டும். மகளின் பழைய மெயிலில் அந்தக் காகிதம் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

காகிதம் கிடைக்காவிட்டால் மூன்று திட்டங்களின் இணையதளத்திலும் தனித்தனியாகத் தேட வேண்டும். வீட்டின் போஸ்ட்கோட், ஒப்பந்தம் தொடங்கிய தேதி, சர்நேம், அட்வான்ஸ் தொகை ஆகியவற்றைக் கேட்பார்கள். நம்மவர்கள் பலர் தடுமாறுவது சர்நேமில்தான். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேமாக இருக்கும், ஓனரோ பெண்ணின் பெயரையே சர்நேமாகப் பதிந்திருப்பார். இரண்டையும் போட்டுப் பாருங்கள். மற்ற இரண்டு தோழிகளின் பெயரையும் போட்டுப் பாருங்கள். கூட்டு ஒப்பந்தத்தில் ‘லீட் டெனன்ட்’ (எல்லோர் சார்பிலும் முதன்மைக் குடியிருப்பவர்) என்று ஒருவர் பெயரில்தான் பெரும்பாலும் பதிவாகும். அவர்தான் தகராறைப் பதிய வேண்டியிருக்கும், பணமும் அவர் கைக்குத்தான் போகும். அதனால் மூன்று பேரும் எப்படிப் பிரித்துக்கொள்வது என்று இப்போதே ஒரு மெயிலில் எழுதி ஒப்புக்கொள்வது நல்லது.

இன்னொரு தடயமும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. திட்டங்கள் இரண்டு வகை. ஒன்றில் பணம் முழுவதும் திட்டத்திடம் இருக்கும், பொதுவாக இரு தரப்பின் சம்மதமோ தீர்ப்போ இல்லாமல் ஒரு பென்ஸ்கூட வெளியே வராது. மற்றது இன்சூரன்ஸ் வகை, அதில் பணம் ஓனர் அல்லது ஏஜென்ட் கையிலேயே இருக்கும். இங்கே ஓனரே 150 பவுண்டை அனுப்பியிருக்கிறார். ஆக, இது இன்சூரன்ஸ் வகையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர் எங்குமே பதிவு செய்யவில்லை. இன்சூரன்ஸ் வகையில் தகராறு பதிவானதும், சண்டையில் இருக்கும் தொகையை அவர் திட்டத்திடம் கட்டியாக வேண்டும்.

அட்வான்ஸ் தொகையிலேயே ஒரு தவறு இருப்பதையும் கவனித்தீர்களா? டெனன்ட் ஃபீஸ் சட்டம் 2019 படி, ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் கீழே இருந்தால் ஐந்து வார வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. மாதம் 900 என்றால் ஆண்டுக்கு 10,800. அதை 52 ஆல் வகுத்து 5 ஆல் பெருக்கினால் 1,038 பவுண்டு 46 பென்ஸ் வருகிறது. ஓனர் வாங்கியது 1,200. மிச்சமுள்ள 161 பவுண்டு 54 பென்ஸ் சட்டப்படி அவர் வாங்கியிருக்கவே கூடாத பணம். கடிதத்தில் இந்தக் கணக்கை முதல் பத்தியிலேயே வையுங்கள். விதி தெரிந்தவர்தான் எழுதுகிறார் என்பது ஓனருக்கு அங்கேயே புரிந்துவிடும்.

இனி கழித்த தொகைகள். தகராறு பதிவானால் காப்புத் திட்டத்தின் சார்பில் தீர்ப்பு சொல்பவர் இரண்டு விஷயங்களை அடிப்படையாக வைத்துக்கொள்வார். அட்வான்ஸ் குடியிருந்தவரின் பணம், அதிலிருந்து கழிக்க வேண்டிய காரணத்தை நிரூபிப்பது ஓனரின் வேலை. பழைய பொருளுக்குப் புதுப் பொருளின் விலையை வாங்க முடியாது, இயல்பான தேய்மானத்துக்கும் எதுவும் கழிக்க முடியாது.

கார்ப்பெட்டை எடுத்துக்கொள்வோம். சூடு பட்டது தேய்மானம் ஆகாது, சேதம்தான், அதை மறுக்க வேண்டாம். ஆனால் கார்ப்பெட்டின் வயதைக் கேளுங்கள். மகள் குடிபோகும்போது அது நான்கு வருஷப் பழசு என்று வைப்போம். காலி செய்யும்போது ஐந்து வருஷம். வாடகை வீட்டுக் கார்ப்பெட்டுக்கு எட்டு வருஷ ஆயுள் கொண்டால் மிச்சம் மூன்று வருஷம். 400 பவுண்டில் எட்டில் மூன்று பங்கு, அதாவது 150 பவுண்டுதான் நியாயம். அதுவும் சுட்ட அறையின் கார்ப்பெட்டுக்கு மட்டும். 400 என்பது வீடு முழுவதற்கும் போட்ட பில் என்றால் இன்னும் குறையும். வாங்கிய பில்லை அனுப்பச் சொல்லுங்கள். பில்லைக் காட்ட முடியாத ஓனரின் கோரிக்கை பெரும்பாலும் சுருங்கிவிடும்.

பெயின்டிங்குக்கும் இதே வழிதான். வாடகை வீட்டுச் சுவரை மூன்று முதல் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஓனர் எப்படியும் அடித்தாக வேண்டும். மேஜை நாற்காலி உரசிய லேசான கோடுகள் தேய்மானத்தில் சேரும். சாமி காலண்டர் ஒட்டிய டேப்பைப் பிய்க்கும்போது பெயின்டும் சேர்ந்து வந்திருந்தால் அந்த ஒரு சுவருக்கு மட்டும் பொறுப்பேற்கலாம்.

மஞ்சள் கறை நம் சமையலறைக்கே உரிய சிக்கல். லாமினேட் மேடையில் ஒரு ராத்திரி விட்டால் ஊறிவிடும். அது மேடையின் உபயோகத்தைக் கெடுக்காது, தோற்றத்தை மட்டும் கெடுக்கும் என்பதை எழுதுங்கள். முழு மேடையை மாற்றும் விலை இதற்குப் பொருந்தாது. தோற்றக் குறைவுக்காக ஒரு சிறு தொகை போதும்.

கிளீனிங் கம்பெனியை வைத்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக் காசு வாங்குவதை 2019 சட்டம் தடுத்துவிட்டது. ஆனால் எவ்வளவு சுத்தமாக வாங்கினார்களோ அவ்வளவு சுத்தமாகத் திருப்பித் தர வேண்டும். தாளிப்பு எண்ணெய் படிந்த சிம்னி, ஓவன் அடுப்பின் உள்பக்கம், அடுப்புக்குப் பின்னால் உள்ள சுவர் ஆகிய மூன்று இடங்களில்தான் நம் பிள்ளைகள் மாட்டுகிறார்கள். சமையலறை மட்டும் அழுக்கு என்றால் அதற்கு மட்டும் காசு, வீடு முழுவதற்கும் 180 பவுண்டு வராது.

நாங்கள் போட்டுப் பார்த்த கணக்கு இது: கார்ப்பெட்டுக்கு 150, சுவருக்கு 40, மேடைக்கு 40, சமையலறை கிளீனிங்குக்கு 60. மொத்தம் 290 பவுண்டு. 1,200இல் இது போக 910 வர வேண்டும், 150 வந்துவிட்டதால் கேட்க வேண்டியது 760. எல்லாவற்றையும் மறுத்து முழுத் தொகையும் கேட்பதைவிட, நடந்ததை ஒப்புக்கொண்டு கணக்கோடு கேட்பவருக்குத் தீர்ப்பாளரிடம் மதிப்பு அதிகம். அது நேர்மையும்கூட.

இப்போது ஓனருக்கு மெயில். நான்கே செய்திகள் போதும். 150 பவுண்டைப் பகுதித் தொகையாக மட்டும் ஏற்கிறோம், ஒவ்வொரு கழிவுக்கும் பில்லும் குடிபோனபோது எடுத்த இன்வென்டரியும் (வீட்டில் என்னென்ன, எந்த நிலையில் இருந்தன என்ற பட்டியல்) தேவை, எங்கள் கணக்கு இது, 10 நாளுக்குள் பதில் வராவிட்டால் காப்புத் திட்டத்தில் தகராறு பதிவோம். ‘முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்’ என்று அவர் எழுதச் சொல்லும் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். இனிமேல் போனில் பேச வேண்டாம், பேசினாலும் அன்றே ‘நீங்கள் சொன்னது இது’ என்று மெயிலில் எழுதிவிடுங்கள்.

பத்து நாள் போனதும் திட்டத்தின் இணையதளத்தில் பதியுங்கள். கட்டணம் கிடையாது. ஆனால் ஓனரும் இதற்குச் சம்மதிக்க வேண்டும். அவர் மறுத்தால் கோர்ட் வழிதான். விசாரணை முழுவதும் காகிதத்தில்தான், யாரும் வீட்டைப் பார்க்க வர மாட்டார்கள். ஒப்பந்தம், இன்வென்டரி, காலி செய்தபோது வீட்டின் நிலையைக் குறித்த செக்-அவுட் ரிப்போர்ட், போட்டோ, மெயில்கள் ஆகியவற்றை ஒரே தடவையில் ஏற்றுங்கள். தீர்ப்பு வந்த பிறகு ‘இன்னொரு போட்டோ இருந்தது’ என்று சேர்க்க முடியாது. எடுத்த தேதி தெரியும்படி மூல போட்டோவையே அனுப்புங்கள், வாட்ஸ்அப்பில் வந்து போனதில் தேதி விவரம் அழிந்திருக்கும்.

எந்தத் திட்டத்திலும் பதிவே இல்லையென்றால் நிலைமை உங்களுக்கு இன்னும் சாதகம். ஹவுசிங் சட்டம் 2004, பிரிவு 214 படி, அட்வான்ஸோடு சேர்த்து அதைப் போல ஒரு மடங்கிலிருந்து மூன்று மடங்கு வரை ஓனர் தர வேண்டும் என்று கவுன்டி கோர்ட் (அங்குள்ள சிவில் நீதிமன்றம்) உத்தரவிடும். உங்கள் விஷயத்தில் அது 1,200 முதல் 3,600 பவுண்டு வரை. இதற்கு ஆறு வருஷம் அவகாசம் உண்டு. வழக்குப் போடும் முன் 14 நாள் கெடு வைத்து ஒரு கடிதம் அனுப்ப வேண்டும். பலர் அந்தக் கடிதத்திலேயே இறங்கி வந்துவிடுவார்கள். வழக்கு என்றே ஆனால், கோர்ட் காகிதம் வந்து சேர பிரிட்டனுக்குள் ஒரு முகவரி வேண்டும். அங்கேயே இருக்கும் தோழியின் முகவரியைக் கேட்டு வாங்கி வையுங்கள். ஓனரின் முகவரி தெரியாவிட்டால் ஏஜென்ட்டிடம் எழுதிக் கேளுங்கள். 21 நாளுக்குள் அவர் பெயரையும் முகவரியையும் தர வேண்டும் என்பது சட்டம்.

இவ்வளவு செய்தும் சில்லறைக் காரணத்தால் கெடுவதுண்டு. படிப்பு முடிந்து சில மாதத்தில் பல்கலைக்கழக மெயில் முடக்கப்படும். அதில் உள்ள ஒப்பந்தம், ரசீது எல்லாவற்றையும் இன்றைக்கே சொந்த மெயிலுக்கு மாற்றுங்கள். அந்த ஊர் சிம் ரீசார்ஜ் இல்லாமல் செத்துவிட்டால் ஓடிபி வராது. அங்குள்ள வங்கிக் கணக்கை அட்வான்ஸ் வரும் வரை மூட வேண்டாம். மூடியாகிவிட்டதென்றால், அங்கிருந்து ஐபேன் (சர்வதேச வங்கிக் கணக்கு) எண் கேட்பார்கள். இந்தியாவில் ஐபேன் கிடையாது. கணக்கு எண்ணோடு வங்கியின் ஸ்விஃப்ட் கோடை (வெளிநாட்டுப் பணம் வர வங்கியை அடையாளம் காட்டும் குறியீடு) கொடுக்க வேண்டும். உங்கள் கிளைக்கு ஸ்விஃப்ட் கோடு இல்லாவிட்டால் எந்தக் கிளையின் கோடைப் போடுவது என்று வங்கியில் எழுதி வாங்குங்கள்.

கேள்வி: லண்டன் ஈஸ்ட் ஹாமில் நம்ம ஊர்க்காரர் ஒருவர் எடுத்திருந்த வீட்டில் ஒரு அறையில் இருந்தேன். ஒப்பந்தம் எதுவும் இல்லை, வாட்ஸ்அப்பில் பேசியதுதான். 500 பவுண்டு அட்வான்ஸ். ‘எனக்கு ஓனர் கொடுத்தால்தான் உனக்குக் கொடுப்பேன்’ என்கிறார்.
— வாசகர், வியாசர்பாடி

பதில்: அவர் அதே வீட்டில் உங்களோடு குடியிருந்தாரா என்பதுதான் முதல் கேள்வி. குடியிருந்தார் என்றால் சட்டத்தின் பார்வையில் நீங்கள் ‘லாட்ஜர்’. மேலே சொன்ன காப்புத் திட்டமும் மூன்று மடங்கு அபராதமும் உங்களுக்குப் பொருந்தாது. பல்கலைக்கழக விடுதிக்கும் அப்படித்தான். அவர் வேறு இடத்தில் இருந்துகொண்டு வீட்டை அறை அறையாக வாடகைக்கு விட்டிருந்தால், சொந்த வீடு இல்லாவிட்டாலும் உங்களுக்கு அவர்தான் ஓனர். பதிவு செய்யும் கடமையும் அவருடையதே.

எந்த நிலையானாலும் 500 பவுண்டு உங்கள் பணம். வாய்ப்பேச்சு ஒப்பந்தமும் அங்கே செல்லும். அவருக்கும் அவருடைய ஓனருக்கும் உள்ள கணக்கு வேறு, உங்களுக்கும் அவருக்கும் உள்ள கணக்கு வேறு. அதைச் சாக்காகச் சொல்ல அவருக்கு இடமில்லை. பணம் கொடுத்த வங்கிப் பதிவு, அட்வான்ஸ் என்ற சொல் வரும் வாட்ஸ்அப் செய்தி, சாவி கொடுத்த நாளைக் காட்டும் செய்தி இந்த மூன்றும் வேண்டும். வாட்ஸ்அப் உரையாடலை ‘எக்ஸ்போர்ட்’ செய்து சேமித்துவிட்டு, 14 நாள் கெடு வைத்துக் கடிதம் அனுப்புங்கள். அதன் பிறகு 10,000 பவுண்டு வரையிலான சிறு கோரிக்கைகளுக்கான வழி இருக்கிறது. ரொக்கமாகக் கொடுத்து, செய்தியும் இல்லையென்றால், ‘என்னுடைய 500 அட்வான்ஸ் எப்போது தருவீர்கள்’ என்று இப்போதே சாதாரணமாகக் கேளுங்கள். ‘அடுத்த மாதம்’ என்று அவர் எழுதினாலே அது சாட்சி. ஊரில் உள்ள அவர் வீட்டுக்குப் போய்ச் சத்தம் போடுவதால் எதுவும் நடக்காது. உங்கள் பக்க நியாயம்தான் கெடும்.

கேள்வி: சிங்கப்பூரில் நானும் நண்பரும் இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் எச்டிபி (அரசுக் குடியிருப்பு) வீடு எடுத்திருந்தோம். வாடகை 2,400 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அட்வான்ஸ் இரண்டு மாதம், 4,800 வெள்ளி. ஏர்கான் பழுது, பெயின்டிங் என்று 1,900 வெள்ளியைப் பிடித்துக்கொண்டார். நான் தண்டையார்பேட்டைக்கு வந்து நான்கு மாதமாகிறது. நண்பர் அங்கேயே இருக்கிறார்.
— வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: நண்பர் அங்கே இருப்பது உங்களுக்கு நல்ல காலம். ஸ்மால் கிளெய்ம்ஸ் டிரைபியூனலில் (சிறு கோரிக்கைத் தீர்ப்பாயம்) வக்கீல் வைக்க முடியாது. ஒப்பந்தத்தில் பெயர் உள்ளவர் தானே பேச வேண்டும். அவர் பெயரும் இருந்தால் அவரே முன்னின்று போடட்டும். இரண்டு வருஷத்துக்கு மிகாத குடியிருப்பு ஒப்பந்தம், 20,000 வெள்ளிக்குள் கோரிக்கை, பிரச்சினை எழுந்து இரண்டு வருஷத்துக்குள் மனு ஆகிய மூன்று நிபந்தனைகளிலும் நீங்கள் உள்ளே வருகிறீர்கள். 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்குத் தனி நபர் கட்டும் கட்டணம் 10 வெள்ளி.

மனுப் போடும் முன் ஒப்பந்தத்துக்கு ஸ்டாம்ப் டியூட்டி கட்டியாச்சா என்று பாருங்கள். கட்டாத ஒப்பந்தத்தைச் சாட்சியாக ஏற்க மாட்டார்கள். மொத்த வாடகையில் 0.4 சதவீதம், அதாவது 24 மாதத்துக்கு 57,600 வெள்ளியில் சுமார் 230 வெள்ளி. அதைக் கட்ட வேண்டியவர் குடியிருப்பவர்தான். விட்டுப்போயிருந்தால் அபராதத்தோடு இப்போதும் கட்டலாம்.

ஏர்கானில் எல்லோரும் தோற்பது ரசீதில்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸ் என்று ஒப்பந்தத்தில் இருந்தால் 24 மாதத்துக்கு எட்டு ரசீது இருக்க வேண்டும். ஐந்துதான் இருக்கிறதென்றால் ‘பராமரிக்காததால் கம்ப்ரெசர் போய்விட்டது’ என்பார் ஓனர். ரசீதைத் தொலைத்திருந்தால் சர்வீஸ் செய்தவரிடம் நகல் கேளுங்கள், பேநவ்வில் (அங்குள்ள மின்னணுப் பணப் பரிமாற்ற முறை) பணம் போன பதிவையும் எடுங்கள். அதோடு ‘சிறு பழுது’ பற்றிய வரியையும் தேடுங்கள். ஒரு பழுதுக்கு இத்தனை வெள்ளி வரை குடியிருப்பவர், அதற்கு மேல் ஓனர் என்று அதில் இருக்கும். அந்த வரம்பு 200 வெள்ளி என்றால், சர்வீஸ் ஒழுங்காகச் செய்த உங்களிடம் ஒரு பழுதுக்கு 200க்கு மேல் கேட்க முடியாது. இரண்டு வருஷம் குடியிருந்த வீட்டின் பெயின்ட் மங்கியதும் தேய்மானமே. ஆணி அடித்த ஓட்டை இருந்தால் அதை அடைக்கும் செலவு மட்டும்தான் உங்களுடையது.

கேள்வி: கொளத்தூரில் 18,000 ரூபாய் வாடகை வீட்டில் நான்கு வருஷம் இருந்தோம். அட்வான்ஸ் 1,50,000. ஓனர் நியூஜெர்சியில் இருக்கிறார். காலி செய்து மூன்று மாதமாச்சு. சாவியை அவருடைய மச்சான் வாங்கிக்கொண்டார். பெயின்டிங்குக்கு 40,000 கழிப்பேன், மீதியைப் பொங்கலுக்கு வரும்போது தருகிறேன் என்கிறார் ஓனர்.
— வாசகர், திருவொற்றியூர்

பதில்: ஓனர் அமெரிக்காவில் இருந்தாலும் வீடு கொளத்தூரில்தான் இருக்கிறது, ஒப்பந்தம் நடந்ததும் இங்கேதான். அதனால் வழக்கும் சென்னையிலேயே போடலாம். 2019 பிப்ரவரி 22இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம், காலி செய்த ஒரு மாதத்துக்குள் நியாயமான கழிவு போக அட்வான்ஸைத் திருப்பித் தரச் சொல்கிறது. பொங்கல் வரை காத்திருக்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்பதும் அதே சட்டம்தான். ஆனால் இருவரும் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் அது செல்லும்.

‘நேரில் வந்துதான் தர முடியும்’ என்பது சரியான காரணம் ஆகாது. வெளிநாட்டு இந்தியர் வாடகை வாங்க இங்கே என்ஆர்ஓ கணக்கு வைத்திருப்பார். அதிலிருந்து உங்கள் கணக்குக்கு ரூபாயிலேயே அனுப்பலாம். நீங்கள் மாதாமாதம் வாடகை போட்ட கணக்கே அதுவாக இருக்கலாம்.

பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை கழிப்பது நம் பக்கத்தில் வழக்கம். பாரிமுனையில் முத்திரைத்தாளோடு அடித்துத் தரும் 11 மாத ஒப்பந்தங்களில் அந்த வரி அச்சாகவே இருக்கும். உங்கள் ஒப்பந்தத்தில் அந்த வரி இருந்தால் 18,000 வரை ஒப்புக்கொள்ளுங்கள். 40,000க்கு பில் கேளுங்கள். நான்கு வருஷம் கழிந்த சுவருக்குப் புது பெயின்ட் அடிக்கும் முழுச் செலவையும் உங்கள் தலையில் வைப்பதை ஏற்க வேண்டாம்.

மச்சானிடம் சண்டை போட வேண்டாம். எழுத்தில் அதிகாரம் இல்லாதவர் பணத்துக்குப் பொறுப்பில்லை. பவர் இருக்கிறது என்றால் நகல் கேளுங்கள். வெளிநாட்டில் எழுதிய பவர் இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்றோ அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லும்படி அந்த நாட்டு அரசு தரும் சான்று) ஆகியோ வர வேண்டும். இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணமும் கட்டியிருக்க வேண்டும். ஆனால் சாவியை எந்தத் தேதியில் வாங்கினார் என்பதை மட்டும் அவரிடமிருந்து ஒரு வாட்ஸ்அப் செய்தியாக வாங்கிவிடுங்கள். ஒரு மாதக் கெடு அங்கிருந்துதான் தொடங்குகிறது. மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பதால் நடுவில் காலி செய்தவர்களுக்கு அதிலும் தகராறு வரும். காலி செய்த அன்று மீட்டரைப் படம் எடுத்திருந்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள்.

அடுத்து வக்கீல் நோட்டீஸ். ஓனரின் அமெரிக்க முகவரி, ஒப்பந்தத்தில் உள்ள சென்னை முகவரி, மெயில் மூன்றுக்கும் போக வேண்டும். 15 நாள் கெடு போதும். அதற்கும் அசையாவிட்டால், நேராக வழக்குக்குப் போகும் முன் உயர்நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள். வழக்குக்கு முந்தைய சமரசத்துக்குக் கட்டணம் இல்லை. லோக் அதாலத்தில் இரு தரப்பும் ஒப்புக்கொண்டு எழுதுவது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அதன் மேல் அப்பீல் இல்லை. வழக்கே போட்டால், அமெரிக்காவுக்குச் சம்மன் போய்ச் சேரவே பல மாதம் ஆகலாம். அதனால்தான் சமரசத்தை முதலில் சொல்கிறோம். வழக்குக்குக் காலவரம்பு மூன்று வருஷம். ஒப்பந்தம் வாடகை அதிகார அமைப்பிடம் பதிவானதா என்பதையும் வக்கீலிடம் சொல்லுங்கள். எந்த நீதிமன்றத்துக்குப் போவது என்பதை அவர் அதை வைத்துத்தான் முடிவு செய்வார். வாட்ஸ்அப் செய்திகள் உள்ள போனை மாற்றவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். மின்னணுச் சாட்சிக்கு, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷிய சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் தர வேண்டும். அதற்கு அந்தப் போன் தேவைப்படும்.

நோட்டீஸ் அனுப்பும் முன் உங்கள் பக்கத்தில் ஒரு ஓட்டையையும் பார்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் வசிப்பவருக்கு வாடகை கொடுப்பவர், தொகை எவ்வளவு சிறியதானாலும், வருமான வரி பிடித்துக் கட்ட வேண்டும். 30 சதவீதமும் அதன் மேல் 4 சதவீத செஸ்ஸும் சேர்ந்தால் 31.2 சதவீதம். 18,000க்கு மாதம் 5,616 ரூபாய். கொளத்தூர், பெரம்பூர் பக்கம் இது தெரியாமலே முழு வாடகையையும் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். நீங்களும் அப்படித்தான் என்றால் முதலில் ஒரு ஆடிட்டரைப் பாருங்கள். திரும்ப வரும் அட்வான்ஸ் வருமானம் இல்லை, அதற்கு வரி கிடையாது. ஆனால் ‘கடைசி மூன்று மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்வோம்’ என்றால், கழித்த அந்தத் தொகை வாடகைதான். வரிப் பொறுப்பு அதற்கும் உண்டு.

கேள்வி: துபாயில் ஃபிளாட்டைக் காலி செய்துவிட்டு வந்துவிட்டேன். 3,000 திர்ஹம் அட்வான்ஸ் வரவில்லை. வழக்குப் போடலாமா?
— வாசகர், ராயபுரம்

பதில்: துபாயில் இதற்கென்றே வாடகைத் தகராறு மையம் இருக்கிறது. ஒப்பந்தம் எஜாரியில் (அங்குள்ள அரசின் வாடகை ஒப்பந்தப் பதிவு முறை) பதிவாகியிருக்க வேண்டும், காகிதங்கள் அரபியில் மொழிபெயர்க்கப்பட வேண்டும். மனுக் கட்டணம் குறைந்தது 500 திர்ஹம். இங்கிருந்து நண்பருக்குப் பவர் கொடுப்பதென்றால் அப்போஸ்டில் அங்கே செல்லாது. நோட்டரி, அரசு மேலொப்பம், அமீரகத் தூதரகச் சான்று என்று பல படி ஏற வேண்டும். மொழிபெயர்ப்பும் சேர்ந்தால் 3,000 திர்ஹமில் பெரும்பகுதி செலவிலேயே போய்விடும். முதலில் மெயிலில் உறுதியாகக் கேளுங்கள், வழக்கைக் கடைசிக்கு வையுங்கள்.

அதைவிட எளிதில் வரக்கூடிய பணம் ஒன்று உண்டு. மின்சாரம், தண்ணீருக்காக தேவாவில் (துபாய் மின்சார, தண்ணீர் வாரியம்) நீங்கள் கட்டிய டெபாசிட் ஓனரிடம் இல்லை, உங்கள் பெயரில் தேவாவிடமே இருக்கிறது. ஃபிளாட்டுக்கு அது 2,000 திர்ஹம். இணைப்பைத் துண்டித்து இறுதி பில் எடுத்துவிட்டீர்களா என்று பாருங்கள். எடுக்காவிட்டால் இன்னும் உங்கள் பெயரில் மீட்டர் ஓடிக்கொண்டிருக்கலாம். இறுதி பில்லின் நகலை ஓனருக்கும் அனுப்புங்கள். ‘கரண்ட் பில் பாக்கி’ என்று சொல்லித்தான் பலர் அட்வான்ஸைப் பிடித்து வைக்கிறார்கள்.